கால் நனைய இறங்கும் கப்பல்

அன்பு மகள் குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். என் முட்டியை நீங்கள் எல்லோரும் வீட்டில் தனி ஆளாகவே நடத்துவதால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதுவும் நலம். அங்கே நீயும் உன் அறைத்தோழியும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். போன தடவை பேசியபோது உன் தொண்டை கம்மியிருந்தது, கேட்டால் ஒன்றுமில்லை என்றாய். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தனக்கென்று ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ள நேரமில்லை போலிருக்கிறது. வெந்நீரில் ஆவி பிடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத் தலையோடு வேலைக்குக் கிளம்பாதே. உன் சித்தி நேற்று வந்திருந்தாள், உன்னைக் கேட்டாள், கப்பலில் போட்டுக்கொள்ளச் சொல்லித் தன்னுடைய பெரிய தொப்பியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், காளானுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நடுவில் புகுந்துவிடுவாய், அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், அப்புறம் நீங்கள் இருவருமே பேசி முடிவு செய்துவிடுவீர்கள், நான் சாட்சிக்கு உட்கார்ந்திருப்பேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வெளியே விடாத மழை, நம் சலவைக் கடைக்கு ஆளே வரவில்லை, உள்ளே உலர்த்துகிற மெஷின் யார் வீட்டுப் போர்வைகளையோ உருட்டிக்கொண்டிருக்கிறது, நான் கல்லாவில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். நீயும் நிதானமாகப் படி. நீ எங்களுக்குப் பரிசாகக் கொடுத்த கப்பல் பயணத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், எந்தக் கப்பல் என்று முடிவாகிவிட்டது, ஆனால் நீ நினைக்கிறபடி இல்லை.

நீ அனுப்பிய மூன்று பயணத் திட்டங்களையும் நகல் கடையில் அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினோம். அதில் ஆரம்பித்தது வினை. மூன்றும் சின்னக் கப்பல், மூன்றும் ஒரு வாரம், மூன்றும் வெயில் அடிக்கிற தீவுகளுக்குப் போகின்றன, மூன்றிலும் அதே வெள்ளை மணல், அதே நீலத் தண்ணீர், அதே தென்னைமரம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆமைகூட ஒன்றுதான் என்று அப்பா சத்தியம் செய்கிறார், முதுகில் ஒரே இடத்தில் ஒரே மச்சமாம். காகிதங்கள் காற்றில் கலந்து போனது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த வாரத்தில் பாதி நாள் அப்பா முதல் கப்பலின் அருமை பெருமைகளை எனக்கு எடுத்துச் சொன்னார், நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்வாதம் செய்தேன், கடைசியில் பார்த்தால் அவர் கையிலிருந்தது மூன்றாவது கப்பலின் பக்கம். என்னுடையதும் அதேதான். இரண்டு பேரும் ஒரே கப்பலுக்காக ஒருவரையொருவர் எதிர்த்துச் சண்டை போட்டிருக்கிறோம். சித்தி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் ஒவ்வொன்றின் தலைப்பிலும் பெரிதாகப் பெயர் எழுதி வைத்தோம். முதலாவது படிக்கட்டுக் கப்பல், இரண்டாவது ரப்பர் கப்பல், மூன்றாவது பாடக் கப்பல். பாடக் கப்பலில் காலையும் மாலையும் ஒரு பேராசிரியர் பவளப் பாறைகளைப் பற்றி வகுப்பெடுப்பாராம். பாடம் கேட்கிற பொறுமை இருந்தால் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பேனே என்று அப்பா அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டார்.

மிச்சம் இரண்டு. அவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தீவுகள் பெரும்பாலும் அதேதான், ஒரு கப்பல் வலமாகச் சுற்றுகிறது, இன்னொன்று இடமாகச் சுற்றுகிறது, அவ்வளவே. வித்தியாசம் இறங்குகிற இடத்தில்தான். படிக்கட்டுக் கப்பல் துறைமுகம் கட்டிய பக்கமாகப் போய் நிற்கும், பலகைப் பாலத்தைப் போடுவார்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்து இறங்கிக் கடைத்தெருவுக்குப் போகலாம். ரப்பர் கப்பல் அதே தீவின் மறுபக்கம், யாரும் எதையும் கட்டாத கடற்கரைக்கு எதிரே தள்ளி நங்கூரம் போடும். அங்கிருந்து காற்றடைத்த ரப்பர் படகில் ஏற்றிக் கூட்டிப்போவார்கள். கரைக்குக் கொஞ்சம் முன்னால் படகு நின்றுவிடும், விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே போட்டு இறங்க வேண்டும். அதைப் பற்றி அந்தக் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில், முட்டியளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும் என்று போட்டிருந்தது. அப்பா முட்டி என்ற வார்த்தையை மட்டும் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், அத்தோடு வழக்கு முடிந்தது என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் துணியைப் பார்த்தேன். படிக்கட்டுக் கப்பலின் படங்களில் எல்லார் பேண்ட்டிலும் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது, தீவில் இறங்கின பிறகும் நிற்கிறது, சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பி ஜூஸ் குடிக்கும்போதும் நிற்கிறது. ரப்பர் கப்பலின் படங்களில் ஒருத்தர் துணியும் உருப்படியாக இல்லை. பேண்ட் நுனி நனைந்து கறுத்திருக்கிறது, மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவின் பாவாடையில் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போகிறது. அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் நம் கடைக்குக் கொண்டுவருகிற துணியில் அது இருக்கும். மற்றக் கறைகளோடு வருகிறவர்கள் போகுமா போகாதா என்று பிடுங்கி எடுப்பார்கள். உப்புக் கோட்டோடு வருகிறவர்கள் கறையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று கல்லாவில் சாய்ந்துகொண்டு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், பின்னால் வரிசை நிற்கும். இத்தனை வருஷமாக நான் அந்தக் கோட்டைத் துவைத்து எடுத்திருக்கிறேன், என் துணியில் ஒரு தடவைகூட வந்ததில்லை. எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். நீயும் அப்பாவும் கேட்கவில்லை.

நீ போனில் சொன்னது உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ. "அடம் பிடிக்காதம்மா, ரெண்டும் ஒரே தீவுதானே, படி இருக்கறதுல போயிட்டு வாங்க" என்றாய். அப்பா பக்கத்திலிருந்து "அப்படிச் சொல்லு" என்றார். நீ வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். நான் போய் யாருடையதோ படுக்கை விரிப்புகளை மடித்தேன், எல்லாம் கோணல்மாணலாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தேன், அழுகை வந்தது. கப்பலுக்காக அழவில்லை குருவி. முட்டி ஆபரேஷன் ஆன புதிதில் நீங்கள் இருவரும் என்னைத் தாங்கினதை நான் மறக்க மாட்டேன், அப்பா எனக்குத் தலை வாரிப் பின்னல்கூடப் போட்டுவிட்டார், அது லிஃப்ட் கம்பிவடம் மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது, ஆனாலும் போட்டுவிட்டார். ஆனால் டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது, இனி எங்கே வேண்டுமானாலும் நடங்கள் என்று சொன்ன பிறகும் இந்த வீட்டில் யாருக்கும் அது எட்டவில்லை. அப்பா குளியலறையில் கைப்பிடி வைத்தார், சரி. நடையில் வைத்தார். இப்போது அடுப்புக்குப் பக்கத்தில்கூட ஒன்று இருக்கிறது, அதில் கரண்டி மாட்டியிருக்கிறேன். கடையின் பின்வாசல் ஒற்றைப் படியில் நான் இறங்கினால் ஓடி வருகிறார். நீ கூப்பிட்டால் முட்டி எப்படி இருக்கிறது, மாத்திரை ஆச்சா, எத்தனை நேரம் நின்றாய், அவ்வளவோடு சரி. நான் என்ன நினைக்கிறேன், எதற்குச் சிரித்தேன் என்று யாரும் கேட்பதில்லை. எதில் ஏறுவது எதில் இறங்குவது என்று எனக்காக நீங்களே தீர்மானம் செய்ய ஆரம்பித்துவிட்டீர்கள். இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தால் இனிமேல் எல்லாமே அப்படித்தான் என்று எனக்குப் பட்டது. அதனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போதே அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டேன், ரப்பர் கப்பல் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் ஆமையும் போய் வாருங்கள் என்று.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளினவர் அல்லவா, எதையும் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார். மறுநாள் பயண அலுவலகத்துப் பெண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் படகு எத்தனை கிலோ தாங்கும், எத்தனை பேர் ஏற்றுவீர்கள், எடைப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது, கடைசியாக யார் பரிசோதித்தார்கள் என்று வரிசையாகக் கேட்டார். அவளும் பாவம், பொறுமையாகப் பதில் சொன்னாள். கப்பலின் படிக்கும் படகுக்கும் நடுவில் உயர வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டாள். "அது அலையைப் பொறுத்து சார்" என்றாளாம். அப்பா போனை வைத்துவிட்டு அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார். "அலையப் பொறுத்தாமே! லிஃப்டு ஒரு விரக்கடை ஏறி நின்னாலே நான் ஆள ஏத்த விடமாட்டேன், இங்க அலையப் பொறுத்தாம்!"

அதற்கப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கடையின் பின்னறையில் திரைச்சீலை ஊறவைக்கிற பெரிய தொட்டி இருக்கிறதே, அதில் முட்டியளவு தண்ணீர் நிரப்பினார். அடுத்த கடை டயர்க்காரரிடம் போய் லாரி டியூப் இரண்டை வாங்கி, காற்றடித்து, தொட்டியின் பக்கத்தில் போட்டு, அதன்மேல் ஒரு பலகையை வைத்துக் கட்டினார். படகாம். உட்கார்ந்தால் பலகை நான்கு பக்கமும் ஆடுகிறது. டயர்க்காரர்தான் மாலுமி. எதற்கு இதெல்லாம் என்று நான் கேட்கவே இல்லை, எனக்குத் தெரியும். ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் நானே பயந்து படிக்கட்டுக் கப்பல் போதும் என்று சொல்லிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வாயால் சொன்னால் கேட்க மாட்டேன், பலகை சொன்னால் கேட்பேன் என்று நினைப்பு.

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். ஆடியது. டியூப் ஒரு மாதிரி முனகியது. டயர்க்காரர் என் மணிக்கட்டைப் பிடிக்க, நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், அந்தக் காகிதத்தில் படமே போட்டிருக்கிறது, விரலைப் பிடித்தால் நழுவுமாம், மணிக்கட்டுக்கு மணிக்கட்டு பிடித்தால் நழுவாதாம். ஆபரேஷனுக்குப் பிறகு முட்டிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது ஆபரேஷன் காலை முதலில் வை என்று மண்டையில் ஏற்றியிருந்தாள், அதே மாதிரி இரண்டு காலையும் சுழற்றித் தொட்டிக்குள் போட்டு, ஆபரேஷன் காலை முதலில் ஊன்றி எழுந்து நின்றுவிட்டேன். தண்ணீர் அரைத் தொட்டி வெளியே போனது. நின்றேன் குருவி. கால் நடுங்கவில்லை. டயர்க்காரர் "அண்ணி, நீங்க கப்பலே ஓட்டலாம்" என்றார். இன்னொரு தடவை என்றேன். இன்னொரு தடவை இறங்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரைக் காலால் அடித்து அப்பா மேல் தெறிக்கவிட்டேன். அவர் துடைத்துக்கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் டயர்க்காரர் விளையாட்டாக "அண்ணே, இப்ப நீங்க" என்றார். அப்பாவுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. மெஷினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார், கல்லாவில் ஆளில்லை என்றார், டீ ஆறிப்போகிறது என்றார். நாங்கள் விடவில்லை. உட்கார்ந்தார். பலகை ஆடியதும் இரண்டு கையாலும் பலகையைக் கவ்விக்கொண்டார், டயர்க்காரர் கையை நீட்டினால் அதைப் பிடிக்கப் பலகையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. முதலில் நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம்தான் கையைப் பார்த்தேன், விரல் கணுவெல்லாம் வெள்ளை. தொட்டிப் பக்கம் இறங்காமல் தரைப் பக்கமாக இறங்கினார், துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். டயர்க்காரர் நல்ல மனிதர், எங்கேயோ பஞ்சர் வேலை இருக்கிறது என்று நைசாக நழுவிவிட்டார்.

இருட்டான லிஃப்ட் குழிக்குள், கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு அத்தனை மாடி உயரத்தில் தொங்கி வேலை பார்த்தவர் உன் அப்பா. சின்ன வயதில் நீ எல்லாரிடமும் அதைச் சொல்லிப் பெருமை அடிப்பாயே. அவருக்கா பயம் என்று நம்பவே முடியவில்லை. தண்ணீரையெல்லாம் தள்ளி முடித்துவிட்டு அந்தத் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்து அவரே சொன்னார். "குழிக்குள்ள ரெண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் இருக்கும். கைய நீட்டுனா தட்டுப்படும். அது அசையாது. தண்ணியில புடிக்கறதுக்கு என்ன இருக்கு சொல்லு? எல்லாமே அசையுது." துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "உன் முட்டிக்காக மட்டும் அந்தப் படிக்கட்டுக் கப்பலச் சொல்லல. முட்டியச் சாக்கா வெச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நான் விரிப்புகளை மடித்துக்கொண்டு அழுதது எல்லாம் கண்முன் வந்தது. "ஏங்க, உங்க பயத்துக்கு என் முட்டிதான் கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். "பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். நான் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்தார். சாப்பாட்டின்போது வெறும் ரொட்டியைத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கேட்காமல் மென்றுகொண்டிருந்தார், குழம்புக் கிண்ணம் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை. தண்டனையைத் தானே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த மூஞ்சியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணத்தைத் தள்ளிக்கொடுத்தேன். சரி போகட்டும், படிக்கட்டுக் கப்பலுக்கே போவோம், நீங்கள் நடுங்கி நான் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். என்னை வேண்டாமென்று தடுத்தால்தான் எனக்கு வலிக்கிறது, நானாக விடுவதில் வலியில்லை.

அதற்கு உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். "வேணாம். இன்னிக்கு நீ தொட்டிக்குள்ள எறங்கி நின்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அதப் பாத்து ரொம்ப நாளாச்சு. அத நான்தான் கைப்புடி போட்டு மூடி வெச்சிருக்கேன். ரப்பர் கப்பலே சொல்லிடு. நான் கப்பல்லயே உக்காந்து உனக்குக் கையாட்டறேன்." கப்பலில் உட்கார்ந்து கையாட்டுவதற்கா உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கேட்டேன். மறுநாள் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் தோளில் துண்டோடு வாசலில் நிற்கிறார், உள்ளே பூப்போட்ட அரைக்கால் சட்டை, சித்தி வீட்டுக்காரருடையது, இரண்டு ஆள் நுழையலாம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற பொது நீச்சல்குளத்துக்குப் போவோமா என்றார்.

போய்க்கொண்டிருக்கிறோம். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால். சொல்லிக்கொடுக்கிறவள் உன்னைவிடச் சின்னவள், வாயில் எப்போதும் விசில், அதனால் அவளுக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டோம். முதல் நாள் அப்பா ஏணிக் கம்பியைப் பிடித்தவர் பிடித்தபடியே கணுக்கால் தண்ணீரில் நின்றார், பக்கத்தில் நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் தொம் தொம்மென்று குதிக்கிறார்கள், இவர் அந்த ஏணியின் திருகாணி சரியில்லை என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அடுத்தடுத்த நாள் இடுப்பு வரைக்கும் வந்தார், ஏணியை மட்டும் விடவில்லை. அப்புறம் ஒருநாள் விசில், "சார், ஏணிய விட்டுட்டு அம்மா கையப் புடிங்க" என்றாள். நான் நடுவில் நின்றுகொண்டு கையை நீட்டினேன். ரொம்ப யோசித்தார். கடைசியில் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார் பார், காப்பு பதிந்து சிவந்துவிட்டது. நெஞ்சுவரை தண்ணீரில் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். கொஞ்சம் பழகினதும் என் காதுகிட்ட வந்து ரகசியமாகச் சொல்கிறார், "நீயும் அசையத்தான் செய்யற, ஆனா விடமாட்டேங்கற." ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாரும் என்னைத் தாங்கினீர்கள், என்னைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றது அன்றைக்குத்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. இப்போது ஏணியே இல்லாமல் குளத்தின் குறுக்கே நடந்து வருகிறார், நீந்துகிறார் என்று பொய் சொல்ல மாட்டேன், நடக்கிறார். நேற்று அடுப்புப் பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றிவிட்டார். கரண்டிக்குத்தான் இப்போது இடமில்லை.

ஆகவே நேற்றுப் பயண அலுவலகத்துப் பெண்ணுக்கு நானே போன் செய்து ரப்பர் கப்பல்தான் என்று சொல்லிவிட்டேன். சார் ஒத்துக்கொண்டாரா என்று அவளே கேட்டுச் சிரித்தாள். எனக்குப் படி வேண்டும் என்று நீ சொன்னதை மீறிவிட்டேன் என்று வருத்தப்படாதே, டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், இந்த முட்டி உங்களைவிட உறுதியாக இருக்கிறது என்கிறார், மருந்தெல்லாம் தனிப் பையில் எடுத்துக்கொள்கிறேன், தண்ணீரில் இறங்க அடிப்பாகம் வழுக்காத செருப்பும் வாங்கியாகிவிட்டது. நீ கவலைப்படுகிறவள் என்று தெரிந்துதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். அந்தக் கப்பலில் இரண்டு பேர் அறை எல்லாம் தீர்ந்துவிட்டதாம், மூன்று கட்டில் போட்ட அறை ஒன்றுதான் இருக்கிறது, அதையே நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலி. இந்த மாதக் கடைசிவரை அதற்கு வேறு யாரையும் போட மாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். என் ஆபரேஷனுக்கு நீ லீவு போட்டு ஓடி வந்தாய். வந்த நாள் முதல் ஐஸ் பையும் மாத்திரை டப்பாவும் கையுமாக இருந்தாய், நான் வலியில் உன்னிடம் எரிந்து விழுந்தேன், லீவு முடிந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நாம் இருவரும் உட்கார்ந்து வெட்டிக் கதை பேசி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எனக்கு நன்றாக இருக்கிறபோது நீ ஒருமுறை வர வேண்டும் குருவி. அதைத்தான் கேட்கிறேன்.

அப்பாவும் நானும் உன்னை மனதார ஆசீர்வதிக்கிறோம். நோய்நொடி இல்லாமல், வேலையில் நல்ல பேர் எடுத்து, சிரித்த முகமாக இரு. உன் அறைத்தோழியைக் கேட்டதாகச் சொல். ஆவி பிடிக்க மறக்காதே. மாதக் கடைசிக்குள் அந்தக் கட்டிலுக்குப் பதில் சொல்ல மறக்காதே. நீ வந்தால் கரைக்குப் பக்கத்தில் படகு நிற்கும்போது எங்கள் யார் கையையும் பிடிக்க வேண்டாம், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ முதல் ஆளாகக் குதித்து, அம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமல் கரைக்கு ஓடு. நான் பின்னாலேயே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா